பி.ஓ.டி. சரியாக இருந்தால் ஏரிக்குக் கெடுதல் இல்லையா?

கேள்வி: பெங்களூரு பெல்லந்தூர் ஏரிப் பக்கம் 200 வீடுகள் கொண்ட அடுக்ககத்தில் இருக்கிறோம். எங்கள் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, பரிசோதனையில் பி.ஓ.டி. (அழுக்கு மக்கும்போது உறிஞ்சும் ஆக்ஸிஜன் அளவு) லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்குள்தான். மிச்சத்தை மழைநீர்க் கால்வாயில் விடுகிறோம். இதனால் ஏரி கெடுமா? சங்கம் என்ன செய்யலாம்?

பதில்: கெடும். பி.ஓ.டி. காட்டுவது தண்ணீரில் மிச்சமிருக்கும் மக்கும் அழுக்கை மட்டும். பாசிக்கும் ஆகாயத்தாமரைக்கும் உரமாகிற பாஸ்பரஸ் அதில் தெரியாது. சாதாரண எஸ்.டி.பி. காற்றடித்து, நுண்ணுயிர்களை விட்டு அழுக்கைத் தின்னவைக்கிறது. பாஸ்பரஸில் பெரும்பகுதி அப்படியே வெளியே வந்துவிடும்.

உங்கள் அளவிலேயே கணக்குப் போடுவோம். தினம் 100 கிலோலிட்டர் வெளியே போகிறது என்று வையுங்கள். பி.ஓ.டி. 10 என்றால், ஏரியில் அது உறிஞ்சும் ஆக்ஸிஜன் 1 கிலோ. அதே தண்ணீரில் பாஸ்பரஸ் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால், நாளுக்கு அரைக் கிலோ. 1 கிராம் பாஸ்பரஸ் 100 கிராமுக்கு மேல் பாசியை (உலர் எடையில்) வளர்க்க முடியும். அதாவது 50 கிலோவுக்கு மேல் பாசி. அத்தனையும் செத்து மக்கினால் சுமார் 70 கிலோ ஆக்ஸிஜன் போய்விடும். ரிப்போர்ட்டில் வந்த 1 கிலோவையும் வராத இந்த 70 கிலோவையும் சங்கக் கூட்டத்தில் எல்லாருக்கும் காட்டுங்கள்.

அமெரிக்காவின் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் ஏரியில் இது கண்முன்னே நடந்தது. அங்கே விட்டதும் சுத்திகரித்த நீர்தான். ஆனாலும் 1955-ல் ஆஸிலட்டோரியா என்ற நீலப்பச்சைப் பாசி பெருகியது. 1958-ல் மக்கள் வாக்களித்துக் கழிவுநீரைக் கவனிக்கத் தனி அமைப்பை ஏற்படுத்தினார்கள். 1963 முதல் 1968 வரை கழிவுநீர் முழுவதையும் ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். பாஸ்பரஸ் இறங்க, பாசியும் கூடவே இறங்கியது. சில ஆண்டுகளிலேயே தண்ணீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி, அதனால் சீக்கிரம் மீண்டது. பெல்லந்தூர் ஆழமில்லாதது, அடிச்சேற்றில் தேங்கிய பாஸ்பரஸ் திரும்பத் திரும்ப மேலே வரும். அதனால் இங்கே தூர் வாருவதையும் தவிர்க்க முடியாது.

ஏரியின் நுரைக்கு முக்கியக் காரணம் நீங்கள் இல்லை. சுத்திகரிக்காத சாக்கடையோடு வரும் சோப்புத்தூள் ரசாயனங்கள் ஆக்ஸிஜன் இல்லாத ஏரியில் சிதையாமல் சேற்றில் படிகின்றன. மழை வந்து கலக்கியதும், ஏரி நிரம்பி வழியும் கலங்கலில் விழுந்து நுரைக்கின்றன. இந்தத் தண்ணீர் வர்த்தூர் ஏரி வழியாகத் தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் கெலவரப்பள்ளி அணைக்குப் போகிறது. அங்கேயும் நுரை பொங்குவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

முதலில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உங்களுக்குத் தந்த ஒப்புதல் ஆணையை எடுத்துப் படியுங்கள். மிச்சத் தண்ணீரை வெளியே விடக்கூடாது என்று அதிலேயே நிபந்தனை இருக்கலாம். இருந்தால் கால்வாய்க் குழாயை உடனே மூடவேண்டும். ஃப்ளஷ்ஷுக்குச் சுத்திகரித்த நீரைத் தனியாகக் கொண்டுபோகும் இரட்டைக் குழாய் இருக்கிறதா? வீட்டுத் தேவையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும். தோட்டத்துக்குப் போக மீதியைக் கட்டுமான வேலைக்குக் கொடுக்கலாம்.

அடுத்த பரிசோதனையில் மொத்த பாஸ்பரஸையும் அம்மோனியா நைட்ரஜனையும் சேர்க்கச் சொல்லுங்கள். பாஸ்பரஸ் 1 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் படிகாரமோ ஃபெரிக் குளோரைடோ சேர்த்துப் படியவைக்கலாம். அளவை ஜார் டெஸ்ட் (சிறு ஜாடிகளில் வெவ்வேறு அளவு சேர்த்துப் பார்க்கும் சோதனை) செய்துதான் முடிவு செய்யவேண்டும், கூடிப்போனால் பி.ஹெச். இறங்கி நுண்ணுயிர்கள் பாதிக்கப்படும். கரண்ட் பில்லுக்குப் பயந்து இரவில் காற்றடிக்கும் ப்ளோயரை நிறுத்தும் வழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

படியவைத்த பாஸ்பரஸ் முழுக்கக் கசட்டில்தான் இருக்கும். கசடு ஏற்றிப் போகும் டேங்கர் அதை எங்கே கொட்டுகிறது என்று ரசீதோடு கேளுங்கள். ராத்திரியில் அதே கால்வாயில் கொட்டினால், நீங்கள் பிரித்தெடுத்தது மொத்தமும் ஏரிக்கே போய்ச் சேரும்.