கடலில் பிளாங்டன் உண்மையிலேயே குறைந்து வருகிறதா?

பெருங்கடல்களில் நீரோட்டத்தோடு மிதந்து செல்லும் சிற்றுயிரிகளான பிளாங்டன் பாதியாகக் குறைந்துவிட்டதாகச் சொல்கிறார்களே, அது உண்மையா, காலநிலை மாற்றம்தான் காரணமா என்று கேட்டிருக்கிறீர்கள். உலகம் முழுவதற்குமான அந்தக் கூற்று இன்னும் நிலைநாட்டப்படவில்லை என்பதே என் கருத்து. ஒளிச்சேர்க்கை செய்யும் தாவர பிளாங்டன் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் குறைந்து வந்ததாக 2010இல் வெளியான ஓர் ஆய்வு கூறியது. நீரின் தெளிவை வெண்தட்டால் அளந்த பழைய பதிவுகளையும் பச்சைய அளவீடுகளையும் ஒரே தொடராக இணைத்தது சரியல்ல என்று பிற ஆய்வாளர்கள் உடனே மறுத்தார்கள்.

என்னைக் கேட்டால், மொத்த அளவை விட, எந்த இனம் எந்தக் கடலில் எந்த மாதத்தில் பெருகுகிறது என்பதே முக்கியமான கேள்வி. இதற்கு வட அட்லாண்டிக்கில் அரிய சான்று இருக்கிறது. அலிஸ்டர் ஹார்டி வடிவமைத்த கருவியை 1931 முதல் வணிகக் கப்பல்கள் தமக்குப் பின்னால் இழுத்துச் செல்கின்றன. அதற்குள் மெல்ல நகரும் பட்டு வலையில் படியும் உயிரிகளை ஆய்வகத்தில் இனம் பிரித்து எண்ணுகிறார்கள். (செயற்கைக்கோளால் நீரின் நிறத்தைத்தான் பார்க்க முடியும், இந்த நுணுக்கம் அதற்கு எட்டாது.) வெப்ப நீரை விரும்பும் கோபிபாட் (இறால் வகையைச் சேர்ந்த மிகச் சிறிய விலங்கு பிளாங்டன்) இனங்கள் 1960களுக்கும் 1990களின் இறுதிக்கும் இடையே வடகிழக்கு அட்லாண்டிக்கில் ஏறத்தாழ பத்துப் பாகை அட்சரேகை வடக்கே நகர்ந்திருப்பதை அந்தப் பதிவு காட்டுகிறது. வட கடலில் வசந்தத்தில் பெருகும் கலானஸ் பின்மார்க்கிகஸ் என்ற குளிர்நீர்க் கோபிபாட் அருகிப்போய், இலையுதிர் காலத்தில் உச்சம் தொடும் கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் அதன் இடத்தைப் பிடித்தது. வசந்தத்தில் இரை தேடும் காட் மீன் குஞ்சுகளுக்கு இது பெரிய பாதகம். அம்மீன் அங்கே அருகியதற்கு மிகைமீன்பிடிப்புடன் இதுவும் ஒரு காரணம்.

இதில் வியப்பு என்னவென்றால், அதே வட கடலில் 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு தாவர பிளாங்டனின் அளவைக் காட்டும் பட்டின் பச்சை நிறம் குறையவில்லை, கூடியது. வெப்பமண்டலக் கடல்களில் கதை வேறு. அங்கே மேல்நீர் சூடேறினால் அடியிலுள்ள குளிர்ந்த நீருடன் கலப்பது குறைந்து, நைட்ரேட் போன்ற ஊட்டங்கள் மேலே வருவது தடைப்படுகிறது. டயட்டம்கள் எனப்படும் பெரிய தாவர பிளாங்டன்கள் பின்தங்க, நுண்ணிய செல்கள் தாக்குப்பிடிக்கின்றன. சிறியவை எளிதில் மூழ்குவதில்லை என்பதால் ஆழ்கடலுக்குச் செல்லும் கார்பனும் குறையக்கூடும், அதாவது பாதிப்பு காலநிலைக்கே திரும்பக்கூடும்.

அட்லாண்டிக்கின் இயற்கையான பல்லாண்டு ஏற்ற இறக்கங்களும் இவற்றோடு கலந்திருப்பதால், பத்தாண்டுப் பதிவைக் கொண்டு காலநிலை மாற்றத்தைக் குற்றஞ்சாட்ட முடியாது. கடலின் நிறத்தைச் செயற்கைக்கோள்கள் இடைவிடாது பதிவு செய்யத் தொடங்கியதே 1997இல்தான். பல கடற்பகுதிகளில் போக்கை உறுதியாகப் பிரித்தறிய நாற்பது ஆண்டுகள்வரை தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.