மாணவர் கேள்வி, நிபுணர் பதில்: நிழல் மரமும் மண் ஈரமும்

கேள்வி: ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் நிழல் மரங்கள் மண்ணின் ஈரத்தைக் காக்கின்றனவா என்று அறிவியல் கட்டுரை எழுதுகிறேன். தொழிலாளர்களிடம் வினாநிரல் கொடுப்பதா, மண்ணை எடுத்துச் சோதிப்பதா, தொட்டியில் பரிசோதனை செய்வதா? மூன்றையும் செய்யச் சொல்கிறார்கள்.
- பதினோராம் வகுப்பு மாணவி, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: மூன்றையும் செய்தால் மூன்றும் அரைகுறையாக நிற்கும். ‘ஈரம் எவ்வளவு?’ என்பதற்கு மண்தான் பதில் சொல்ல வேண்டும். எந்தச் சரிவு முதலில் காய்கிறது என்று தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். அது எங்கே தோண்டுவது என்று முடிவு செய்ய உதவும். முடிவுகள் பகுதியில் அதைச் சேர்க்காதீர்கள்.

தோட்டத்தாரிடம் அனுமதி வாங்கி, ஆறு சில்வர் ஓக் மரங்களைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றுக்கும் அருகிலேயே, அதே சரிவில், அதே உயரத்தில் ஒரு திறந்த இடத்தை இணையாக வையுங்கள். இலைச் சருகை ஒதுக்கிவிட்டு, 15 செ.மீ. ஆழம் வரை மூன்று இடத்தில் மண் எடுத்துக் கலந்து, 100 கிராம் அளவுக்கு ஜிப் கவரில் காற்றை வெளியேற்றி மூடுங்கள். மொத்தம் 12 கவர். ஒரே மரத்தடியில் பன்னிரண்டு பிடி அள்ளினால் அது பன்னிரண்டு அளவீடு ஆகாது, ஒரே மரத்தைப் பன்னிரண்டு தடவை பார்த்ததுதான். மாணவர் கட்டுரைகளில் அதிகம் காணும் பிழை இது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுங்கள். மழை பெய்து சில நாளாவது ஆகட்டும். பெய்யும்போது கிளைகளும் இலைகளும் கொஞ்சம் நீரைப் பிடித்துக்கொள்வதால், உடனே போனால் திறந்த இடமே அதிக ஈரமாகத் தெரியலாம். கவர்களை வெயிலில் வைக்காமல் கொண்டுவந்து அன்றே எடை போடுங்கள். கவருக்குள் வியர்த்திருந்தால் அந்த நீரும் மண்ணுடையதே, துடைத்து எறியாதீர்கள்.

பள்ளி ஆய்வக ஓவனில் 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்துங்கள். ஆறிய பிறகே எடை பாருங்கள், சூடாக வைத்தால் தராசு அலைபாயும். பாத்திர எடையைக் கழித்த பின் ஈர மண் 62 கிராம், உலர் மண் 50 கிராம் என்றால் நீர் 12 கிராம். 12-ஐ 50-ஆல் வகுத்தால் 24 சதவீதம். 62-ஆல் வகுத்தால் 19 வரும். எதால் வகுத்தீர்கள் என்று எழுதாவிட்டால் உங்கள் எண்ணை யாரும் ஒப்பிட முடியாது. ஓவன் இல்லையென்றால் வெயிலில் உலர்த்தலாம், ஆனால் மண்ணில் கொஞ்சம் ஈரம் தங்கிவிடும் என்று குறிப்பிடுங்கள்.

மரத்தடி மண் குறைந்த ஈரத்தோடு இருந்தால் பதறாதீர்கள். மர வேரும் தண்ணீர் குடிக்கும். அதனாலேயே இந்த அளவீட்டை வைத்து ‘நிழல்தான் காரணம்’ என்று எழுதக் கூடாது. நிழலோடு வேரும் சருகும் சேர்ந்தே இருக்கின்றன.

காரணத்தைப் பிரிக்க வேண்டுமானால் தொட்டி போதும். ஒரே அளவுத் தொட்டி ஆறு, ஒரே மண், ஒரே எடை, 300 மி.லி. தண்ணீர். மூன்றை நிழல் வலைக்குக் கீழே, மூன்றை மொட்டை மாடியில் திறந்த வெயிலில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எடையில் 1 கிராம் குறைந்தால் 1 மி.லி. நீர் போயிற்று என்று பொருள். சேலத்து வெயில் மலையில் அடிக்காது, ஆகவே இந்த எண்ணை ஏற்காட்டுக்கு அப்படியே ஏற்றாதீர்கள். ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், கட்டுரைத் தலைப்பு தோட்டத்தைப் பற்றியது, மலைக்குப் போங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் தண்ணீர் குறைந்த சூட்டில் கொதிப்பதைக் காட்ட எத்தனை தடவை அளக்க வேண்டும்?
- பத்தாம் வகுப்பு மாணவர், ஓமலூர்.

பதில்: கீழே சுமார் 99, மேலே சுமார் 95 டிகிரி வரும். ஓரிடத்தில் ஐந்து தடவை போதும். இரண்டு இடத்திலும் ஒரே தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். அதன் குமிழ் பாத்திரத்தின் அடியைத் தொடக் கூடாது. முன்பே உருகும் ஐஸில் வைத்துப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.