ஆஷ்ஃபீல்டு மாவட்டக் கவுன்சில் தொழிற்கட்சியின் கையை விட்டுப் போனது எப்படி?

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரில் இருக்கும் ஆஷ்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பூமி. 1972 உள்ளாட்சிச் சட்டப்படி ஹக்னால், கிர்க்பி, சட்டன் ஆகிய ஊர்களையும் சில கிராமங்களையும் சேர்த்து உருவான மாவட்டம். முதல் தேர்தல் 1973இல் நடந்தது. கவுன்சில் பொறுப்பேற்றது 1974 ஏப்ரல் 1 அன்று. இங்கே லேபர் எனப்படும் தொழிற்கட்சிக்குத்தான் நெடுங்காலம் செல்வாக்கு. 2015இல்கூடப் பெரும்பான்மை அவர்களுக்கே.

சுரங்கங்கள் மூடிய பிறகு அந்தப் பிடி தளர்ந்தது. லிபரல் டெமாக்ரட் கட்சியில் இருந்த ஜேசன் ஸட்ரோஸ்னி தொடங்கிய 'ஆஷ்ஃபீல்டு சுயேச்சைகள்' அணி 2018இல் கவுன்சில் தலைமையைப் பிடித்தது. அடுத்த ஆண்டுத் தேர்தலில் 35 இடங்களில் 30 அவர்களுக்கு! பெயர்தான் சுயேச்சை, நடைமுறையில் அது ஒரு உள்ளூர்க் கட்சி.

தேர்தல் முறையும் கைகொடுத்தது. வார்டில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி. இரண்டு கவுன்சிலர் உள்ள வார்டில் வாக்காளருக்கு இரண்டு வாக்கு. பலர் இரண்டையும் ஒரே அணிக்குப் போட்டுவிடுவார்கள். அதனால் முந்துகிற அணி வார்டையே அள்ளிக்கொண்டு போகும். தவிர, சில கவுன்சில்களில் ஒரு தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்குத்தான் போட்டி; நாலு வருடத்தில் மூன்று முறை இப்படி நடக்கும். ஆஷ்ஃபீல்டில் நாலு வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக. அலை அடித்தால் ஒரே நாளில் எல்லாம் மாறிவிடும்.