பச்சைப் பட்டினி – கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா,

எங்கள் ஊர் பெரம்பலூர் பக்கம். எழுபதைக் கடந்த என் அம்மா, சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, ஆண்டுதோறும் சமயபுரம் மாரியம்மனுக்காகப் பச்சைப் பட்டினி என்னும் 28 நாள் விரதம் இருந்து, மஞ்சள் சேலை உடுத்தி, பூக்கூடையோடு நடந்து போவார். இந்த ஆண்டு வேண்டாம் என்றால் கேட்க மறுக்கிறார். இந்த விரதத்துக்கு ஆகமத்தில் இடம் உண்டா? கோடைக்கு உடலைத் தயார்படுத்துவதே இதன் அறிவியல் காரணம் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். தாங்கள் விளக்கினால் அவருக்கு எடுத்துச் சொல்வேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஆகமத்தை விட்டுவிடுங்கள். மாசிக் கடைசி ஞாயிறு, அம்மனுக்குப் பூக்களைச் சொரியும் பூச்சொரிதலோடு தொடங்கும் அந்த 28 நாட்களும் ஊரார் தலைமுறைகளாகக் கைக்கொண்டு வருபவை. அவற்றுக்கு எந்த நூலிலிருந்தும் சான்றிதழ் வாங்கிவர வேண்டியதில்லை. என்னை உறுத்தியது உங்கள் வாட்ஸ்அப் காரணம்தான். சில காலமாகவே அதை நினைத்துப் பொருமிக்கொண்டிருக்கிறேன்.

கும்பிடவும் ஆசை, கும்பிடுவதை அலுவலகத்தில் சொல்லிக்கொள்ளக் கூச்சம். இதற்கு நடுவே படித்தவர்கள் கண்டுபிடித்த தப்பிக்கும் வழியே அறிவியல் காரணம். வேப்பிலை கிருமிநாசினியாம், மஞ்சளும் கிருமிநாசினியாம், விரதம் குடலுக்கு ஓய்வாம். சமயபுரத்தில் முதலில் பட்டினி இருப்பவள் அம்மன் என்பதையாவது கவனித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது ஓரிடத்திலும் இல்லை. பக்தர்கள் நோய்நொடி இல்லாமல் இருக்க அவள் விரதம் இருக்கிறாள் என்பதே அங்குள்ள நம்பிக்கை. அந்நாட்களில் அவளுக்குத் தளிகை, அதாவது சமைத்த நைவேத்தியம், கிடையாது. துள்ளுமாவு (வெல்லம் கலந்த பச்சரிசி மாவு), நீர்மோர், பானகம், கரும்பு, இளநீர் ஆகியவையே நைவேத்தியம். மூலவர் சுதையால், அதாவது சாந்தால், ஆனவர் என்பதால் அபிஷேகம்கூட உற்சவருக்குத்தான் நடக்கிறது. அந்தத் திருமேனியை எந்தக் கோடைக்கு உங்கள் அறிவியல் தயார்படுத்துகிறது?

சிறு வயதில் எனக்கு அம்மை போட்டிருந்தபோது எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றுபோயிற்று. நிலைப்படியில் வேப்பங்கொத்தைச் செருகிய அம்மா, எண்ணெய்ச் சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்த்தாள். எனக்குக் கொடுத்த மோரையும் கஞ்சியையுமே தானும் குடித்தாள். தலைக்குத் தண்ணீர் விடும் நாள்வரை பக்கத்துத் தெருவில் நடந்த வளைகாப்புக்குக்கூடப் போகவில்லை. அவளுக்கு யாரும் விரதம் என்று சொல்லித் தரவில்லை. பிள்ளைக்கு இல்லாதது தனக்கு எதற்கு என்று இருந்துவிட்டாள். பிற்பாடு சமயபுரத்து நைவேத்தியங்களைக் கேள்விப்பட்டபோது, உலகம் முழுவதையும் அம்மை கண்ட ஒரே வீடாக எண்ணி அம்மனும் அப்படித்தான் இருக்கிறாள் என்று எனக்குப் பட்டது. இன்றுவரை அந்த எண்ணம் மாறவில்லை.

உடனே நீங்கள், அப்படியானால் அம்மை நோய்தானே காரணம் என்று துள்ளிக் குதிப்பீர்கள். 1975-உடன் இந்தியாவில் பெரியம்மை ஒழிந்துவிட்டது. நோய் மட்டுமே காரணம் என்றால் அவள் அந்த ஆண்டே தளிகை கேட்டிருக்க வேண்டுமே? இன்றும் மாசிக் கடைசியில் ஊர் ஊராகப் பூத்தட்டுகள் கிளம்புகின்றன. சித்திரை முதல் செவ்வாயன்று தேர் ஓடுகிறது. தைப்பூசத்தின்போது கொள்ளிடக் கரைக்கு எழுந்தருளும் அவளுக்கு, அண்ணன் முறையில் ஸ்ரீரங்கத்து ரங்கநாதர் பட்டும் மாலையும் சீராக அனுப்புகிறார். (இதற்கும் வாட்ஸ்அப்பில் ஒரு காரணம் இருக்கும், தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள்.) அண்ணன் வீட்டுச் சீரும் பிள்ளைகளுக்கான பட்டினியுமாக அவளை ஒரு குடும்பத்துப் பெண்ணாகவே இந்தச் சனங்கள் வைத்திருக்கிறார்கள். குடும்பத்துப் பெண் ஒருத்தி சாப்பிடாமல் இருந்தால், யாருக்காக இருக்கிறாள் என்று கேட்போமே தவிர, அதில் எத்தனை கலோரி குறைந்தது என்று கணக்குப் பார்ப்போமா?

உங்கள் அம்மாவிடம் குடலைப் பற்றியும் கோடையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்காதீர்கள். சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் மயங்கி விழ நேரிடும் என்பதை அவருடைய மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அதன் பிறகு, “ஆத்தாதான் உனக்காகப் பட்டினி கிடக்கிறாளே அம்மா, நீ வேளைக்குச் சாப்பிடு” என்று நீங்கள் சொல்லுங்கள். அத்தனை ஆண்டுகள் விரதம் இருந்தவருக்கு அது புரியும். பூவுக்கு மட்டும் தடை சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் அவருக்கு ஆகாது. வாரநாள் ஒன்றில் விடுப்பு எடுத்து, அவரைப் பேருந்தில் அழைத்துப் போங்கள். கூடையை நீங்கள் தூக்குங்கள்.