தூக்க மாத்திரையை விடணுமா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

குடியாத்தத்துல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், பி.ஃபார்ம் படிச்சவன், டாக்டர் இல்ல. டோஸ் முடிவு பண்றது உங்க டாக்டர்தான். அவர்கிட்ட போய் இன்னா கேக்கணும்னு தெரிஞ்சிக்க இது உதவும்.

ஆம்பூர்ல இருந்து: அண்ணா, அம்மாவுக்கு 64 வயசு. அப்பா இறந்தப்ப தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5 எம்.ஜி. மாத்திரை எழுதிக் குடுத்தாங்க, ஆறு வருசமா அதேதான் ஓடிக்கினு இருக்கு. நேத்து ராத்திரி பாத்ரூம் போறப்ப விழுந்துட்டாங்க. இன்னியோட நிறுத்திடட்டுமா?

ஒரேடியா நிறுத்தாதீங்க தம்பி. தலையில இடுப்புல அடி பட்டிருந்தா மொதல்ல அத காட்டுங்க. வயசானவங்க ராத்திரில விழறதுக்கு இந்த மாத்திரை பெரிய காரணம், அதனால விடணும்னு நெனைக்கிறது சரிதான், விடற விதம்தான் முக்கியம். மூளையில காபான்னு ஒண்ணு இருக்கு, அடக்கி வைக்கிற வேலை அதோடது, மாத்திரை அதுக்கு பலம் குடுக்குது, வருசக்கணக்கா போட்டா மூளை அதுக்கு ஏத்த மாதிரி தன்னை மாத்திக்குது. அப்ப திடீர்னு புடுங்கினா கை நடுங்கும், வேர்க்கும், படபடன்னு இருக்கும், தூக்கம் சுத்தமா போயிடும், சில பேருக்கு ஃபிட்ஸே வந்துடும். அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரத்துல ரத்தத்துல பாதியா கொறைஞ்சிடும், அதனால ஒண்ணு ரெண்டு நாள்லயே ஆரம்பிச்சிடும்.

அவரே: அப்போ எவ்ளோ எவ்ளோவா கொறைக்கணும்?

2025ல அமெரிக்காவுல அடிக்‌ஷன் டாக்டர்கள் சங்கமும் வேற சில சங்கங்களும் சேர்ந்து ஒரு வழிமுறை போட்டாங்க. ரெண்டுல இருந்து நாலு வாரத்துக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் கொறைச்சி பாக்கலாம், எப்படிப் பாத்தாலும் ரெண்டு வாரத்துல 25 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு சொல்றாங்க. இப்ப கணக்கு போடுங்க. 0.5ல பத்து சதவீதம்னா 0.05, அந்த அளவுக்கு எந்த பிளேடாலயும் உடைக்க முடியாது. 0.25 மாத்திரைய பாதியா உடைச்சி ஒண்ணரையா குடுத்தா 0.375, அதுவே கால் பங்கு கொறைஞ்சிடுச்சி, 64 வயசுக்கு மொத அடியே அவ்ளோ பெருசா வேணாம். இதுக்குத்தான் சில டாக்டருங்க இதே வகையில இன்னொரு மாத்திரை டயசிபாமுக்கு மாத்துவாங்க. இங்கிலாந்துல நியூகாசில்ல ஹெதர் ஆஷ்டன்னு ஒரு பேராசிரியை, 1982ல இருந்து 1994 வரைக்கும் இதுக்குன்னே கிளினிக் நடத்தினவங்க, அவங்க கணக்குல அல்பிரசோலம் 0.5க்கு டயசிபாம் 10 எம்.ஜி. ரெண்டு எம்.ஜி. மாத்திரைய பாதியா உடைச்சா ஒரு எம்.ஜி., சரியா பத்து சதவீதம். ஆனா டயசிபாம் வயசானவங்க உடம்புல சேர்ந்துக்கினே போகும், பகல்லயும் தள்ளாட்டம் வரும், லிவர் பிரச்னை இருந்தா இன்னும் மோசம். அத டாக்டர்தான் பாத்து சொல்லணும், நீங்களா மாத்தாதீங்க.

ஆரணி, தறி வேலை: நான் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடறேன், அது கொறைக்கிறது தானே?

இல்லண்ணா. போடாத ராத்திரி சுத்தமா எறங்குது, போட்ட ராத்திரி ஏறுது, உடம்பு ஊஞ்சல்ல ஆடற கதைதான். தினமும் அதே நேரத்துல போடுங்க, அளவ மட்டும் கொறைங்க. இன்னொண்ணு, அட்டையில எஸ்.ஆர். இல்ல எக்ஸ்.ஆர்.னு இருந்தா அத உடைக்கவே கூடாது, மெதுவா கரையணும்னே செஞ்ச மாத்திரை அது.

காட்பாடி: மாத்திரைய விட்டுட்டு நைட்டு ஒரு குவார்ட்டர் போட்டா தூக்கம் வருதே?

வரும், அதுவும் அதே காபா மேலதான் வேலை செய்யுது. ஒண்ண விட்டு இன்னொண்ண புடிச்ச கதைதான். ரெண்டையும் சேத்து போட்டா மூச்சே நின்னுடலாம், டிரமடால் மாதிரி வலி மாத்திரையோடயும் அப்படியே.

ராணிப்பேட்டை: கால் மாத்திரைக்கு வந்துட்டேன். இப்பதான் ரொம்ப கஷ்டமா இருக்கு, பழைய டோஸுக்கே போயிடட்டுமா?

கடைசி கொஞ்சம்தான் எல்லாருக்கும் இழுக்கும். மேல ஏத்தறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட சொல்லிட்டு அதே அளவுல சில வாரம் நின்னு பாருங்க. ஆறு மாசம்னு ஆரம்பிச்சது ஒரு வருசம் ஆனா இன்னா இப்போ? தூக்கத்துக்குன்னே பேச்சு சிகிச்சை இருக்கு, எத்தனை மணிக்கு படுத்தாலும் ஒரே நேரத்துக்கு எழுந்திரிக்கணும், தூக்கம் வரலன்னா பாய்ல பொரளாம எழுந்து உக்காரணும், பகல்ல தூங்கக்கூடாது. நம்ம ஊர் கத்திரி வெயில்ல மாத்திரையே போடாதவனுக்கும் தூக்கம் வராது, சித்திரை வைகாசில டோஸ் கொறைக்கிறத தள்ளிப் போடலாமான்னும் கேளுங்க.

வாணியம்பாடி: எங்க பையன் ஃபிட்ஸுக்கு குளோபசாம் சாப்பிடறான், இதெல்லாம் அவனுக்குமா?

இல்லம்மா, அதுவும் இதே வகை மாத்திரைதான், ஆனா ஃபிட்ஸுக்கு போடறது வேற கணக்கு. நியூராலஜி டாக்டர் சொல்லாம ஒரு வேளைய கூட தவற விடாதீங்க. மாசமா இருக்கறவங்களும் இத படிச்சிட்டு தானா கொறைக்காதீங்க.

போளூர்: எங்க ஊர் கடையில சீட்டு இல்லாம தரமாட்டேன்றாங்க, கொறைக்கறதுக்கு கூடவா?

தரக்கூடாது. இது ஷெட்யூல் எச்1, அதாவது டாக்டர் சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு கட்டுப்பாடு இருக்கற மருந்து பட்டியல், 2014ல இருந்து தனி ரிஜிஸ்டர், டாக்டர் பேரு நோயாளி பேரு எழுதி மூணு வருசம் வச்சிருக்கணும். கடைக்காரர திட்டாதீங்க. சீட்டு தீர்ந்துபோய் திடீர்னு நிக்கறதுதான் ஆபத்து, அதனால நாலு நாள் முன்னாடியே போங்க.

அணைக்கட்டு: எங்க போய் காட்டறது?

வேலூர் சி.எம்.சி.யோட மனநல மருத்துவமனை பாகாயத்துல இருக்கு. அடுக்கம்பாறை அரசு மெடிக்கல் காலேஜ்லயும் கேளுங்க. ராத்திரில பயமா இருந்தா 14416, டெலி மானஸ்னு அரசோட மனநல ஹெல்ப்லைன், தமிழ்லயே பேசலாம். ஃபிட்ஸோ கொழப்பமோ வந்தா எதுவும் யோசிக்காம 108. போறப்ப எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு கவர்ல போட்டு எடுத்துட்டு போங்க, சுகர் பி.பி. மாத்திரையும் சேத்து.