நொச்சிக்கு எத்தனை பெயர்?

கேள்வி: எங்கள் கொல்லை வேலியில் நிற்கும் செடியைப் பாட்டி நொச்சி என்கிறார். மைசூரில் இருக்கும் நாத்தனார் லக்கி என்கிறார். எதிர்வீட்டு மலையாளக் குடும்பத்தார் கரிநொச்சி என்கிறார்கள். கடையில் வாங்கிய தைலத்தில் நிர்குண்டி என்று போட்டிருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?
– ஒரு வாசகி, குடவாசல்

பதில்: ஒன்றுதான் அம்மா. ஆனால் கரிநொச்சியில் மட்டும் சற்று நிதானியுங்கள். மலையாளத்தில் அது நம் வேலி நொச்சி. நம் ஊர் மருந்துக் கடையில் கருநொச்சி என்று கேட்டால், ஆடாதோடைக்கு உறவான வேறொரு செடியைப் பொட்டலம் கட்டிவிடுவார்கள். அதன் தண்டு கருஞ்சிவப்பாகவும் இலை ஒற்றையாக, ஈட்டிபோல் நீண்டும் இருக்கும். அதற்கு மலையாளப் பெயர் வாதங்கொல்லி. பெயரைக் கேட்டு வாங்காதீர்கள். இலையைப் பார்த்து வாங்குங்கள்.

நொச்சி இலை ஒரே காம்பில் மூன்று அல்லது ஐந்து விரலாக விரிந்திருக்கும். திருப்பினால் சாம்பல் பூசியதுபோல் வெளுப்பு. குறுந்தொகை 138ஆம் பாடலில் கொல்லன் அழிசி இதை மயிலின் அடிக்கு ஒப்பிடுகிறார். ஈர மண்ணில் மயில் நடந்த தடத்தைப் பார்த்தவர்தான் அப்படிச் சொல்ல முடியும்.

தெலுங்கில் இது வாவிலி, வங்காளத்தில் நிஷிந்தா, சிங்களத்தில் நிக. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் இட்ட தாவரவியல் பெயர் வைடெக்ஸ் நெகுண்டோ. அந்த நெகுண்டோ, நிர்குண்டியின் திரிபு. இலை ஒத்திருந்ததால் வட அமெரிக்க மேப்பிள் மரம் ஒன்றுக்கும் அவர் நெகுண்டோ என்றே பெயர் வைத்தார். நம் வேலிச் செடியின் பெயர் அங்கே ஒரு மரத்தின்மேல் நிற்கிறது என்பதில் எனக்குத் தீராத சந்தோஷம்.

தை அறுவடை முடிந்து பத்தாயத்தில் நெல் கொட்டும்போது, நிழலில் உலர்த்திய நொச்சி இலையை என் அம்மா இடையிடையே பரப்புவார். அந்துப்பூச்சி அண்டாது என்பார். ஆனியில் மூடியைத் திறந்தால் புது நெல்லின் வாசத்தோடு காரமான இலை நெடி மூக்கில் ஏறும். பொழுது சாய்ந்ததும் மாட்டுக்கொட்டில் தணலில் பச்சைக் கொத்து விழும், கொசு விலகும். மிலாறு வெட்டிக் கூடை பின்னுவார்கள். இப்போது எங்கள் தெருவில் வேலிகள் எல்லாம் மதில்களாகிவிட்டன. நொச்சி நிற்பது வாய்க்கால் கரையில் மட்டுமே.

உங்கள் வேலியை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி மழை பிடித்ததும் விரல் தடிமனில் போத்து வெட்டி, இடைவெளி விழுந்த இடத்தில் ஊன்றுங்கள். ஆடுமாடு எளிதில் வாய் வைக்காது. எந்தக் கிளையை வெட்டுவது என்று பாட்டியைக் கேளுங்கள்.