நெருக்கடியில் ஆடுபவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நியூ ஜெர்ஸிக்கு வந்தபிறகுதான் பேஸ்பால் பார்க்கத் தொடங்கினேன். ஆபீஸில் உள்ள, நியூயார்க் அணியான யாங்கீஸின் ரசிகர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். அந்த அணிக்கு ஆடியவர்களில் டெரெக் ஜீட்டர் நெருக்கடியில் நிமிர்பவராம், அலெக்ஸ் ரோட்ரிகஸ் பெரிய ஆட்டத்தில் சொதப்புபவராம். அப்படி ஒரு தனித் துணிச்சல் உண்மையிலேயே இருக்கிறதா?

எம்., நியூ ஜெர்ஸி

அன்புள்ள எம்.,

ஜீட்டரின் வாழ்நாள் சராசரி, ஆயிரம் முறை பேட் பிடித்தால் 310 ஹிட், அதாவது அவுட் ஆகாமல் பேஸை எட்டவைக்கும் அடி. சீசன் முடிந்து சிறந்த அணிகள் கோப்பைக்காக மோதும் பிளே ஆஃபில் மட்டும் 158 ஆட்டங்கள், கிட்டத்தட்ட ஒரு முழு சீசன். அங்கே 308. சீசன் தொடங்கும் ஏப்ரலில் ஆடியதைத்தான் பிளே ஆஃப் நடக்கும் அக்டோபரிலும் ஆடினார். எதிரே பந்து வீசுவது சிறந்த அணிகளின் பிட்சர்கள் என்பதால் அதுவே பெரிய சாதனை.

ரோட்ரிகஸுக்கு நடந்ததுதான் அநியாயம். 2006 பிளே ஆஃபின் முதல் சுற்றில் டெட்ராய்ட்டுக்கு எதிராக 14 முறை பேட் பிடித்து ஒரே ஒரு ஹிட். கடைசி ஆட்டத்தில், ஒன்பது பேர் கொண்ட பேட்டிங் வரிசையில் எட்டாவதாகத் தள்ளி இறக்கினார்கள். பத்துக்கு மூன்று அடிக்கிற நல்ல பேட்டருக்கே, 14 முறையில் ஒன்றோ பூஜ்யமோ வருவது இருபதில் ஒரு தடவை தற்செயலாகவே நடக்கும். அந்த வருடம் பிளே ஆஃபில் எட்டு அணிகள். யாரோ சிலருக்கு அப்படி அமைந்தே தீரும். அதே மனிதர் 2009 பிளே ஆஃபில் 365 என்ற கணக்கில் அடித்தார், யாங்கீஸ் கோப்பையை வென்றது. நடுவில் எங்கிருந்து வந்தது துணிச்சல்?

பாஸ்டனின் டேவிட் ஓர்ட்டிஸைப் பாருங்கள். 2013இல் லீக் இறுதித் தொடரில் 22 முறைக்கு 2 ஹிட், அடுத்து வந்த, கோப்பையைத் தீர்மானிக்கும் வேர்ல்ட் சீரிஸில் 16க்கு 11. லீக் தொடரில் அடித்த அந்த இரண்டு ஹிட்டில் ஒன்று, 5-1 என்று பின்தங்கிய எட்டாவது இன்னிங்ஸில், மூன்று பேஸிலும் ஆள் நிற்க அடித்த, நால்வரும் ஓடி வந்து நான்கு ரன் சேர்க்கும் ஹோம் ரன். ஒரே அடியில் ஆட்டம் சமம். அந்த லீக் தொடரில் அவர் சொதப்பினாரா, காப்பாற்றினாரா?

நெருக்கடி எல்லோரையும் தொடும். அதில் உடைந்துபோகிறவர்கள் பெரும்பாலும் கீழ்மட்டப் போட்டிகளான மைனர் லீகிலேயே கழிந்துவிடுகிறார்கள். 1977இல் டிக் கிரேமர் என்ற ஆய்வாளர், 1969இல் நெருக்கடியில் ஜொலித்தவர்கள் 1970இலும் ஜொலித்தார்களா என்று பார்த்தார். அப்படித் தொடர்ச்சி எதுவும் தென்படவில்லை. கண்ணுக்குத் தெரியாததால் இல்லையென்று சொல்லிவிட முடியாது என்று 2004இல் பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் வாதிட்டார். சரி, அவர் சொல்வதும் நியாயம்தான், சிறிதளவு இருக்கலாம். ஆனால் 14 முறையை வைத்து ஒரு மனிதனின் நெஞ்சுரத்தை அளந்தார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றும் பொறுக்கவில்லை.